அளவு ஜாக்கெட்

இழுக்காதே, தானாகப் போகும், இரண்டு விரலை மேலே வைத்தால் போதும். லேஸை இழுத்துக்கொண்டே தைத்தால் ஓரம் அலை அலையாக நின்றுவிடும், பிறகு எத்தனை தரம் இஸ்திரி போட்டாலும் படுக்காது. தோளுக்கு நான்கு அங்குலம்தான். ஓவர்லாக் மெஷின் அதை இரண்டு மூச்சில் முடித்துவிட்டு வெறும் நூலைச் சங்கிலியாக வெளியே விடுகிறது, வெட்டிவிட்டேன், ஒரு தோள் ஆயிற்று. பாட்டில் பச்சை. தூக்கிப் பிடித்தால் பூவும் இலையுமாக ஓட்டைகள், ஓட்டைகளுக்குப் பின்னால் அதே பச்சையில் மெல்லிய பனியன் துணி. முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் அதை உள்ளே வைத்து ஒன்றாக ஓட்டிவிட்டேன், கைக்கு மட்டும் வெறும் லேஸ். கைக்கு இழுவைதான் வேண்டும். ஒரு துண்டை இழுத்துப் பார்க்கிறேன், ஒரு சாண் ஒன்றரைச் சாணாகிறது, விட்டதும் பழையபடி வந்து படுத்துக்கொள்கிறது. எத்தனை முறை இழுத்தாலும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பி வருகிறது. முப்பது வருடமாக இந்த மாதிரித் துணிகளுக்கு நடுவில்தான் இருக்கிறேன், எத்தனையோ தேசத்துப் பெண்களுக்கு பேட்டர்ன் வரைந்திருக்கிறேன், துணி திரும்பி வருவதை இன்றைக்குத்தான் ஒரு உதவியாக நினைக்கிறேன். துணியிடம் போய் நன்றி சொல்ல முடியாது. அடுத்த தோளை எடுத்து வைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் தெருவில் கரண்ட் இருக்கிறது, அதுவே பெரிது. முன்னறையில் என் மனைவி சாந்தாமணி பச்சைப் பட்டாணி உரிக்கிறாள். இடது கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் உரிப்பதால் ஒவ்வொன்றுக்கும் நேரமாகிறது. கட்டைவிரலால் தோலைப் பிளப்பது, பிறகு கொஞ்சம் மௌனம், பிறகு நாலைந்து பட்டாணி பாத்திரத்தில் விழுவது. நான் உதவிக்குப் போனால் விரட்டுவாள். போன் ஸ்பீக்கரில் இருக்கிறது, அவிநாசியிலிருந்து அவள் தங்கை கோகிலா. கோகிலாவின் மகளுக்கு இன்று சாயங்காலம் நிச்சயம். மூன்றரை மணிக்கு எங்களுக்குக் கார் அனுப்புகிறார்கள். "அக்கா, நீ வரலீன்னா நான் தட்டே மாத்த மாட்டேன், பாத்துக்க" என்கிறாள் கோகிலா. "நீ மாத்தாட்டி உன்ற சம்மந்தி அவங்களே மாத்திட்டுப் போயிருவாங்க" என்கிறாள் இவள். "உங்க மாமா மெஷின்ல உக்காந்திருக்காரு. கை நொழஞ்சா வர்றேன். நொழையலீன்னா இல்ல." கோகிலா விடவில்லை. "நைட்டியோட வந்தாலும் பரவால்ல, வா." "ஆமாமா, நைட்டியோட வந்து நடுவுல உக்காந்துக்கறேன். போட்டோக்காரன் எந்திரிச்சு ஓடட்டும்." இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். கோகிலா முதலில் நிறுத்திக்கொள்கிறாள். இவள் இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்கிறாள், அந்தக் கூடுதல் சிரிப்பு எனக்குத்தான் கேட்கிறது. கை நொழஞ்சா. விளையாட்டாகச் சொன்ன மாதிரி இருந்தாலும் அவள் சொன்னால் சொன்னதுதான். பத்து மாதமாக ஆஸ்பத்திரியைத் தவிர எங்கேயும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பாவாடைக்கு மேலே என் சட்டையைப் போட்டு, அதற்கு மேல் ஒரு துண்டு. இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, எதிர்வீட்டுக்காரர்கள் புதுவீடு குடிபோன புண்ணியார்ச்சனை, எல்லாவற்றுக்கும் நான் தனியாகப் போய், "அவங்க வரலீங்களா" என்பதற்குப் பதில் சொல்லிவிட்டு, பந்தியில் உட்காராமல் வந்தேன். இன்றைக்கும் போகாவிட்டால் இனி எதற்கும் போகமாட்டாள். அதை அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

இரண்டாவது தோளும் ஆயிற்று. இனி கை. இரண்டு கைகளையும் மேஜையில் அருகருகே போட்டுப் பார்த்தால் ஒரே உடுப்பின் கைகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வலது கை, சாந்தாமணியின் கை. இடது கை அதைவிட மூன்று விரல் அகலம் கூடுதல். மாறிவிடக் கூடாதென்று இடதில் ஒரு சிவப்பு நூல் முடிந்திருக்கிறேன். ஆபரேஷனில் அக்குளில் இருந்த நெறிகட்டிகளையும் எடுத்துவிட்டார்கள், அதனால் கையில் நீர் இறங்காமல் தங்கும், வீங்கும், அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் தினமும் அளந்து எழுதி வைக்கச் சொன்னாள். அன்றிலிருந்து சாந்தாமணி காலையில் பல் தேய்த்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு உட்காருவாள். மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே, முழங்கைக்கு மேலே. காலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எண்கள். பால் வராத நாள், கேஸ் வந்த நாள் எல்லாம் எழுதிக்கொண்டிருந்த கட்டங்கள். இந்தக் கையை வரைவதற்காகக் காலண்டரைக் கழற்றி வந்து மேஜையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினேன். மே மாதத்தில் எண்கள் ஏறியிருந்தன, வெயில். ஆடியில் இறங்கின. நேற்றைய எண்ணைப் போட்டால் சரியாக இருந்திருக்கும். நான் மே மாதம் பதினேழாம் தேதியைப் போட்டேன், பத்து மாதத்தில் கை மிக மோசமாக இருந்த நாள். அந்த நாளிலும் இது நுழைய வேண்டும். வழக்கமாகப் பனியன் துணிக்கு உடம்பைவிடக் குறைத்துத்தான் வரைவோம், மிச்சத்தைத் துணி பார்த்துக்கொள்ளும். இந்தக் கைக்கு நான் எதையும் குறைக்கவில்லை. மாஸ்டர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குறைக்காமல் வரைந்த முதல் கை இதுதான்.

சிவப்பு நூல் இருக்கிற கை இடதுபக்கக் கைக்குழிக்கு. சரி. உச்சியை உச்சியோடு சேர்த்துப் பிடி. துணி வழுக்குகிறது, என் விரல்கள் ஈரமாக இருக்கின்றன, துடைத்துக்கொள்ள வேண்டும். இந்த விரல்களால்தான் அன்றைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கட்டியாட்டம் ஒண்ணு தட்டுப்படுதுங்க" என்றாள். எங்கே என்று கேட்டேனா? கேட்டிருப்பேன். "சூட்டுக் கட்டியா இருக்கும், வெளக்கெண்ணெ வை" என்றேன், அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு ஷிப்மென்ட் அவசரம். விளக்கெண்ணெய் வைத்தாள். மூன்று மாதம் வைத்தாள். ஒரு கழுத்துப்பட்டையில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் சொல்லிவிடுவேன் என்று பெயர் எடுத்தவன், தட்டுப்படுகிறது என்று அவள் சொன்னபோது கையைக்கூட நீட்டவில்லை. கடைசியில் அவளே பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எனக்குச் சொல்லாமல் போனாள். சொல்லாமல் போனதற்கு அன்று கத்தினேன். இப்போது ஒவ்வொரு நாளும், பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், பேட்டர்ன் மேஜையில், அவள் சொல்லாமல் போனதற்கு, எனக்காகக் காத்திருக்காமல் போனதற்கு, பக்கத்து வீட்டு அம்மா அன்றைக்கு ஊரில் இருந்ததற்கு. வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. முடிக்காமலேயே தினமும் சொல்லிக்கொள்கிறேன். டாக்டர் அம்மா ஸ்கேன் படத்தில் விரலை வைத்து, நல்ல நேரத்துல வந்துட்டீங்க என்றார். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார். புதன்கிழமை மறுபடியும் ஸ்கேன். வேண்டாம், இப்போது கை. உச்சியைப் பிடி.

லேஸ் இல்லையென்றால் இது எதுவும் இல்லை. எங்கள் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிற ஜெயசீலி கொடுத்தது. பத்து வருடமாக ஒரே ஹாலில் இருக்கிறோம், "அண்ணா, டேப் குடுங்க", "அண்ணா, இந்த பீஸ் பாருங்க" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. போன மாதம் ஒரு கவரை என் மேஜையில் வைத்துவிட்டு, "ஷேடு சேரலைன்னு கழிச்ச லேஸுங்ணா. மேனேஜர்கிட்டக் கேட்டுட்டேன். அக்காவுக்கு ஆகும். இது இழுத்துக் கொடுக்கும்" என்றாள். யார் சொன்னார்கள் உனக்கு என்று கேட்பதற்குள், "எங்க அம்மாவுக்கும் இதே மாதிரிக் கைதாங்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உள்ளாடைக்கு வந்த லேஸ். இரண்டு ஓரமும் வளைவு வளைவாகப் பூ வைத்து முடிந்திருக்கிறது, மடித்து அடிக்க வேண்டியதில்லை, அந்த வளைவே இடுப்புக்கும் கை நுனிக்கும் ஓரமாகிவிடும். மூன்று வாரம் கவரைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். கோகிலா பத்திரிகை கொண்டுவந்த அன்று பிரித்தேன். மெஷின் இருந்தாலும் வீட்டுக்கென்று தைத்து எனக்குப் பழக்கமில்லை. சாந்தாமணி தன் ஜாக்கெட்டுகளை மூன்றாவது வீதியில் ஒரு டெய்லர் அம்மாவிடம் கொடுப்பாள், கூடவே செங்கல் நிறத்தில் ஒரு பழைய ஜாக்கெட்டையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போவாள். அளவு ஜாக்கெட். நம் ஊரில் எந்தப் பெண்ணும் டேப்புக்கு நிற்பதில்லை, அளவு ஜாக்கெட் போய் நிற்கும். பன்னிரண்டு வருடமாக அந்தச் செங்கல் நிறம்தான் அவளுக்காகப் போய் நின்று வந்தது. என் தொழிலும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து ஒரு தாள் வரும், நெஞ்சு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு, கை நீளம் இவ்வளவு. தாளுக்குப் பின்னால் இருக்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. ஹாலில் தலையில்லாத ஒரு டம்மி நிற்கும், அதற்குப் போட்டுப் பார்ப்போம்.

அதனால் நேற்று அலமாரியைத் திறந்து அளவு ஜாக்கெட்டை எடுத்தேன். அக்குளில் சாயம் போயிருந்தது, கடைசிக் கொக்கி இல்லை. டக் பிடித்த மடிப்புகளையெல்லாம் பிரித்து, பழுப்புத் தாளில் பரப்பி, ஓரத்தைச் சுற்றிப் பென்சில் ஓட்டினேன். லேஸுக்காகச் சுற்றளவில் இரண்டு அங்குலம் குறைத்தேன், நெஞ்சுக்காகப் பக்கத்தில் ஒன்றரை அங்குலம் கூட்டி அதைச் சுருக்கிச் சேர்க்கிற மாதிரி வைத்தேன், கழுத்தைத் தலை நுழைகிற அளவுக்கு இறக்கினேன். பாதிதான் வரைந்தேன். பாதி வரைந்தால் போதும். துணியை இரண்டாக மடித்து, பேட்டர்னின் நடுக்கோட்டை மடிப்பில் வைத்து வெட்டினால் மறுபாதி தானாக வரும். வெட்டியபின் இடதுபக்கக் கைக்குழியை மட்டும் ஒரு விரல் இறக்கினேன், இப்படி ஒரு நிதானம் எவனுக்கு வரும் என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டேன். தாளைச் சுருட்டி மேஜைக்கு அடியில் போட்டுவிட்டேன். கம்பெனியிலும் அப்படித்தான் செய்வோம். மாதிரி தைத்து அனுப்பிவிட்டு பேட்டர்னைச் சுருட்டி அடியில் போடுவோம். ஆர்டர் உறுதியானால் ஓட்டை போட்டுக் கொக்கியில் மாட்டுவோம், மறுபடி மறுபடி எடுக்க வேண்டியிருக்கும் என்பதால். பதில் வராவிட்டால் மூன்று மாதம் பார்த்துவிட்டுக் கிழித்துவிடுவோம். டாக்டரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். இந்த வீட்டில் என் மேஜைக்கு மேலேயும் சுவரில் ஆணி இருக்கிறது, போன வருடத்துக் காலண்டர் தொங்கிய ஆணி. இதற்கு எதற்கு ஓட்டை, ஒரே ஒரு உருப்படி. ஒரே ஒரு உருப்படி. புதன்கிழமை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்கிறேன்.

இரண்டு கைகளும் ஏறிவிட்டன. இனி பக்கவாட்டு மூட்டு, முன்பக்கத்தையும் முதுகையும் சேர்க்கிற தையல், கை நுனியில் தொடங்கி அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே ஓட்டம். லேஸ் கீழே மெஷினின் பல்லில் சிக்காமலிருக்க அடியில் பேப்பர் துண்டு வைத்து ஓட்டிவிட்டுக் கிழித்துக்கொள்கிறேன், மேட்ரிமோனியல் பக்கம், யாரோ ஒருத்தியின் உயரமும் நட்சத்திரமும் கிழிந்து வருகின்றன. முன்னறையில் பட்டாணி நின்றுவிட்டது. குக்கர் சத்தம் வருகிறது. "ஏனுங்க, ஆச்சா? சோத்துக்கு அப்பறமா போட்டுப் பாக்கட்டா, இப்பவே பாக்கட்டா?" "இப்பவே." சோறு உள்ளே போகாது எனக்கு. நூல்களை வெட்டி, திருப்பி, ஒருமுறை உதறி அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "பாரின்காரிக்கெல்லாம் தெச்சுக் குடுத்தாச்சு, கடைசில நமக்கும் ஒண்ணு வந்திருச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தக் கதவு. ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து இந்தக் கதவு சாத்தித்தான் இருக்கிறது. முதல் மாதம் கோகிலா உள்ளே போய்ப் புண்ணைத் துடைத்துக் கட்டினாள், பிறகு இவளே. நான் வெந்நீரைக் கதவுக்கு வெளியே வைப்பேன். சில நாள் கதவு சாத்தாமல் இருக்கும், நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன்.

உள்ளே துணி உரசுகிற சத்தம். நிற்கிறது. மறுபடி. கை முழங்கைக்கு வந்திருக்கும். அங்கேதான் எல்லா ஜாக்கெட்டும் நின்றது, சித்திரையில் ஒரு நாள் ஐந்து ஜாக்கெட் போட்டுப் பார்த்து ஐந்தையும் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள், அன்றைக்கு அழவில்லை, ஐந்தையும் மடித்து உள்ளே வைக்கும்போது அழுதாள். நான் கதவுக்கு வெளியே கத்தரிக்கோலைப் பிடித்தபடி நிற்கிறேன், எதற்கு என்று தெரியவில்லை. "நொழஞ்சிருச்சுங்க!" என்றாள். குரல் சின்னப் பெண்ணைப் போல மேலே போயிற்று. "தோளு வரைக்கும் வந்திருச்சு. இறுக்கமே இல்ல." நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். மே பதினேழு. மே பதினேழாம் தேதிக்கு நன்றி, அந்த எண்ணை எழுதி வைத்ததற்கு, பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு, ஜெயசீலிக்கு, ஜெயசீலியின் அம்மாவுக்கு. குக்கர் ஒருமுறை கத்தி அடங்கியது. கதவு திறந்தது. "இங்க வாங்க" என்றாள்.

பாவாடைக்கு மேலே பாட்டில் பச்சை. கழுத்து நன்றாக உட்கார்ந்திருந்தது. கைகள் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன, லேஸின் பூக்கள் இடது கையில் கொஞ்சம் பெரிதாக விரிந்திருந்தன, அவ்வளவுதான். வலதுபக்கம் சரியாக இருந்தது. இடதுபக்கம் நான் நெஞ்சுக்காகக் கூட்டிய ஒன்றரை அங்குலமும் சுருக்கமும் தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் உள்ளே மடிந்து ஒரு காலிப் பையைப் போலத் தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். முதலில் மெஷின் தப்பு என்று நினைத்தேன், பிறகு லேஸ் என்று நினைத்தேன். மடிப்பில் வைத்து வெட்டியது ஞாபகம் வந்தது. பென்சில் ஓடிய இடம் ஞாபகம் வந்தது. கைக்குழியை ஒரு விரல் இறக்கத் தெரிந்தவனுக்கு அதற்குப் பக்கத்தில் நாலு விரல் தள்ளி இல்லாமல் போனது ஞாபகம் வரவில்லை. "அளவு ஜாக்கெட்ட வெச்சா வெட்டுனீங்க?" என்றாள். தலையசைத்தேன். "அது போன வருசத்து அளவுங்க." அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன், பார்த்தேன், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், சிரிப்பை அடக்குகிறாள் என்று புரியவே எனக்கு நேரமாயிற்று. "முப்பது வருசமா மாஸ்டரு. ஊரு பூரா மாஸ்டரு மாஸ்டருங்குது. இதைப் போட்டுட்டுப் போனா, இந்தப் பக்கம் பட்டாணியை நெரப்பிட்டுப் போகோணும்." நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிக்க வரவில்லை. "கழட்டிரு சாந்தா. தப்பு பண்ணிட்டேன். நேரம் இல்ல" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். "கை நொழஞ்சிருச்சல்ல. கை நொழஞ்சா வர்றேன்னு அவகிட்டச் சொல்லியாச்சு. போயி குண்டூசி எடுத்துட்டு வாங்க." கொண்டுவந்தேன். அதற்குள் அவள் உடுப்பைக் கழற்றி இடதுபக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தப் போனேன், வழக்கம். "சாத்திட்டு வெளியில நின்னுக்குவீங்களா?" என்றாள். உள்ளே வந்தேன்.

பக்கவாட்டில் துணியைக் கிள்ளிப் பிடித்து ஊசி வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, டம்மிக்கு ஆயிரம் முறை வைத்திருக்கிறேன். கண்ணை அவள் தோளில் வைத்துக்கொண்டு விரலால் தேடினேன். "குத்துச்சுன்னா சொல்லு" என்றேன். "குத்துனாலும் தெரியாதுங்க" என்றாள் சாதாரணமாக. "அந்தப் பக்கம் மரத்துக் கெடக்குது. நீங்கதான் பாத்து வெக்கோணும்." ஊசி என் விரலில் நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியாது. நான் ஆழமாகக் குத்தினாலும் அவளுக்குத் தெரியாது, ரத்தம் பச்சைத் துணியில் ஊறி வந்தால்தான் தெரியும். அந்தக் கைப்பக்கம் ஒரு கீறல்கூடக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள். பார்க்காமல் வைக்க முடியாது. உடுப்பின் கழுத்தை ஒருபக்கமாக விலக்கினாள். பார்த்தேன். அக்குளில் தொடங்கி நெஞ்சின் நடுவரை ஒரு கோடு. இத்தனை நாள் நான் நினைத்துவைத்திருந்தது இது இல்லை. நான் நினைத்தது ஒரு குழி, ஒரு பயங்கரம், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த இரவுகளில் அது வளர்ந்துகொண்டே போயிருந்தது. இது ஒரு மூட்டு. நன்றாகப் போட்ட மூட்டு, இழுக்காமல், அலையில்லாமல், கடைசியில் கொஞ்சம் சுருக்கம் விழுந்திருந்தது, எந்தக் கைக்கும் அங்கே சுருக்கம் விழும். யாரோ பொறுமையாக உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே மூச்சு ஏறி இறங்கியது. தோல் மெல்லியதாக இருந்ததால் மூச்சுக்கு அடியில் இதயம் அடிப்பதும் தெரிந்தது, முன்பு தெரிந்ததில்லை. இடது கையின் இரண்டு விரலை உள்ளே கொடுத்துத் தோலுக்கும் துணிக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன், ஊசி போனால் என் விரலுக்குப் போகட்டும். ஒன்று. இரண்டு. துணி அவள் உடம்பின்மேல் படிந்துகொண்டே வந்தது. "கையி சில்லுனு இருக்குதா?" என்று கேட்டேன். "தெரியாதுன்னு சொன்னனே." "ம்." "ஆனா நீங்க வெச்சிருக்கறது தெரியுது" என்றாள். மூன்று. நான்காவது ஊசிக்கு என் கண் தெளிவாக இல்லை, இமைத்துவிட்டு வைத்தேன். ஐந்து. டாக்டர் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், என்ன சொல்வது, நல்ல மூட்டுங்கம்மா என்றா, புதன்கிழமை போகும்போது சொல்லலாம். புதன்கிழமை என்ற சொல் வந்து போயிற்று. இந்த முறை அதில் ஒரு வேலை இருந்தது.

கழற்றும்போது மெதுவாக, ஊசிகள். மேஜையில் பரப்பினேன். குறைவாக வெட்டியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அதிகம் வெட்டியதை எடுத்துவிடலாம், என் தப்பு அந்த விதத்தில் நல்ல தப்பு, அதற்கும் நன்றி. ஆனால் வெட்டுவதற்கு முன் மேஜைக்கு அடியிலிருந்து பழைய பேட்டர்னை எடுத்துக் கிழித்துப் போட்டேன், புதிதாக ஒரு முழுத் தாளை விரித்தேன். மடிக்கவில்லை. நடுவில் கோடு போட்டு, வலதுபக்கத்தை வலதுபக்கத்தில் வரைந்தேன், இடதுபக்கத்தில் ஊசிகள் சொன்ன வழியில் பென்சிலை ஓட்டினேன், தையலுக்கு விட்டேன். கூட்டல் இல்லை, சுருக்கம் இல்லை, பக்கம் நேராக இறங்கி இடுப்பில் கொஞ்சம் உள்ளே போய் வளைவுப் பூவில் முடிகிறது. முப்பது வருடத்தில் நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் வேறுவேறாக நான் வரைந்த முதல் உடம்பு. இடது, வலது என்று எழுதினேன். அளவு எழுதுகிற இடத்தில் எப்போதும் எஸ், எம், எல் என்று எழுதுவேன், அங்கே சாந்தாமணி என்று எழுதினேன். கைகளையும் அதே தாளில் பக்கத்தில் வரைந்தேன். பிறகு லேஸை வெட்டினேன், பழைய மூட்டோடு சேர்ந்து பிறைபோல ஒரு துண்டு விழுந்தது. "அதைக் கீழ போட்டுராதீங்க, வழுக்கும்" என்றாள் கதவருகே நின்று தலை வாரிக்கொண்டே. குப்பைக் கூடையில் போட்டேன். மெஷினை ஓட்டினேன். இரண்டு விரல் மேலே, இழுக்காதே, தானாகப் போகும். போயிற்று.

சோறு அவசரமாக. பட்டாணிக் குழம்பில் உப்பு இல்லை, நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். "உப்பு போடலீங்க, பட்டாணி மேல எண்ணம் போயிருச்சு" என்று மறுபடி சிரித்தாள், இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது, வாயில் சோறு. மூன்று மணிக்கு உள்ளே போய் அரக்குப் புடவையைக் கட்டினாள், கதவு பாதிதான் சாத்தியிருந்தது. அளவு ஜாக்கெட் கட்டிலில் கிடந்ததை வெளியே என் பக்கம் எறிந்தாள். "அதை மெஷின் தொடைக்க வெச்சுக்கங்க. நல்ல காட்டன்." வெளியே வந்து நின்றபோது நான் தொழிலாளியாகத்தான் முதலில் பார்த்தேன், தோள் உட்கார்ந்திருக்கிறது, கழுத்து சரி, இடதுபக்கம் படிந்திருக்கிறது, புடவை மடிப்பு அதன் மேலே போனால் யாருக்கும் தெரியாது. அவள் மடிப்பை இழுத்து மூடவில்லை, எப்போதும் போடுகிற இடத்தில் போட்டாள். தெரிந்தால் தெரியட்டும் என்கிற மாதிரி. இடது கையை மேலே தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தாள். லேஸ் போய்த் திரும்பி வந்தது. "எப்படி இருக்குது?" என்றாள். "உப்பு இருக்குது" என்றேன். "அய்ய, ஆளைப் பாரு" என்று பூவை எடுக்கப் போனாள்.

வெளியே கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் செருப்பைத் தேடிக்கொண்டே, கோகிலாவுக்குப் போன் போட்டு, "கிளம்பியாச்சுடி, தட்டத் தொட்டுராத" என்றாள். "ஏனுங்க, தண்ணி பாட்டல் எடுத்துக்கங்க. மெஷினை அணைச்சாச்சா?" "ஆச்சு" என்றேன். மெஷின் சுவிட்சை அணைத்தேன். தாள் மேஜையில் விரிந்து கிடந்தது, ஓரம் சுருண்டுகொள்ளப் பார்த்தது. கத்தரிக்கோலின் முனையால் மேல் மூலையில் ஒரு ஓட்டை போட்டு, பிசிறை விரலால் நீவிவிட்டு, ஆணியில் மாட்டினேன். வாசலில் அவள் சாவியோடு நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டேன்.